பட்டியிலிருந்து வாசல்வரை: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் நாயும் மனிதரும்

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், மேற்கே பச்சைமலை. இவற்றுக்கு நடுவே கிடக்கும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. கொள்ளிடக் கரையோர ஊர்களில் நெல்லும் கரும்பும் உண்டு. மேட்டுக்காடுகளில் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். ஜெயங்கொண்டம் பக்கத்துச் செம்மண்ணில் முந்திரி. மழை பொய்த்த ஆண்டுகளில் குடும்பங்களைக் கரையேற்றியவை ஆடுமாடுகள்தாம். அந்த ஆடுமாடுகளை இராப்பகலாகக் காத்தது நாய். மனிதருக்கும் நாய்க்குமான உறவு இந்த வட்டாரத்தில் வேர்விட்ட இடம் ஆட்டுப்பட்டி.

அறுவடை முடிந்த நிலத்தில் எருவுக்காகக் கிடை போடுவது பழைய வழக்கம். பகலெல்லாம் மேய்ந்த ஆடுகளை இரவில் ஒரே இடத்தில் அடைத்து வைத்தால், அவற்றின் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரமாகும். திறந்த வெளியில் கிடக்கும் மந்தைக்கு நரியாலும் ஆபத்து, திருடராலும் ஆபத்து. மேய்ப்பவர் கண்ணயர்ந்தாலும் நாய் அயராது. தன் மந்தையின் வாடையையும் அந்நிய வாடையையும் அது பிரித்து அறியும். இதற்கு எந்தப் பள்ளியிலும் பயிற்சி கிடையாது. கண் திறந்த சில வாரங்களிலேயே குட்டி பட்டிக்கு வந்துவிடும். ஆட்டுக்குட்டிகளோடு புரண்டு, தாய் நாயைப் பார்த்துப் பார்த்தே தொழில் கற்கும். வண்டி மாடு பூட்டிச் சந்தைக்குப் போன காலத்தில், அச்சுக்குக் கீழே விழும் நிழலில் மைல்கணக்காக நடந்தே கூடப் போன நாய்களைப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

இதற்கு ஈடாக நாய்க்குக் கிடைத்தது கூழும் கஞ்சியும் மிஞ்சிய சோறும். விலை கொடுத்து நாய் வாங்கும் பழக்கம் பெரும்பாலும் இல்லை. பக்கத்துத் தெருவில் நாய் குட்டி போட்டால், அதில் ஒன்றைக் கேட்டு எடுத்து வருவார்கள்; கடுவன் குட்டிக்குத்தான் போட்டி. மணி, கருப்பன், ராமு என்று பெயர் விழும். பிற்காலத்தில் டைகரும் ஜிம்மியும் சேர்ந்துகொண்டன. திண்ணைக்கும் களத்துக்கும் அது உரிமையுள்ள உறுப்பு. செத்தால் கொல்லையிலோ வரப்போரத்திலோ குழி தோண்டிப் புதைப்பார்கள். கொஞ்சல் குறைவு, ஆனால் சோறு வைத்த கையை நாயும், காவல் இருந்த நாயைக் குடும்பமும் எளிதில் மறந்ததில்லை.

இந்த உறவின் தொன்மைக்கு உலகெங்கும் சான்று உண்டு. ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே ஓபர்காசல் என்னுமிடத்தில் 1914-இல் வெளிப்பட்ட புதைகுழியில், சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆணோடும் பெண்ணோடும் சேர்த்து ஒரு நாய்க்குட்டியும் புதைக்கப்பட்டிருந்தது. நோயுற்று வாரக்கணக்கில் துவண்ட குட்டி அது என்று அதன் பற்கள் காட்டுகின்றன. மனிதர் பராமரித்திராவிட்டால் அத்தனை நாள் அது உயிரோடு இருந்திருக்காது. காஷ்மீரத்தின் புர்சகோமில் புதிய கற்கால மக்களும் நாய்களை மனிதரோடு சேர்த்துப் புதைத்தார்கள்.

தமிழில் எழுத்துச் சான்று சங்க நூல்களிலிருந்தே தொடங்குகிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவனுடைய வேட்டை நாய்கள் சூழ்ந்துகொள்ள, தலைவியும் தோழியும் நடுங்கி எழுகிறார்கள். காதல் கதைக்கே நாய்தான் வாயில் திறக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் எயினர் நாய்களோடு முயல் வேட்டையாடும் காட்சி வருகிறது. நாலடியார் ஒருபடி மேலே போகிறது. பழகிய பாகனையே கொல்லும் யானையைவிட, தலைவன் எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் வாலாட்டி நிற்கும் நாயைப் போன்றவரின் நட்பே கொள்ளத்தக்கது என்கிறது அந்நூல். யானையைச் செல்வத்தின் அடையாளமாகக் கொண்டாடிய ஒரு சமூகத்தில் இப்படிச் சொல்லத் துணிவு வேண்டும்.

ஆனால் பாட்டைவிட அழுத்தமான சாட்சி கல்லில் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில் தண்டராம்பட்டுக்கு அருகே உள்ள எடுத்தனூரில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று நிற்கிறது. எருமை மந்தையைக் காக்கப் போராடி மடிந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். வீரனுக்குப் பக்கத்தில் நாயின் உருவமும் உண்டு. கோவிவன் என்ற அந்த நாய் இரு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதைத் தனியே ஒரு வாசகம் பதிவு செய்கிறது. மன்னன் பெயர் பொறித்த கல்லில், எருமைக்காரன் ஒருவனின் நாய்க்குப் பெயர் சொல்லி இடம் கிடைத்திருக்கிறது. அதன் சாவைப் பற்றிக் கல் பேசவில்லை. அது செய்த வேலையைத்தான் பேசுகிறது. மந்தைக்குடிகள் நாயிடம் எதை மதித்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் தமிழ்நாட்டில் அரிது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1970-களின் தொடக்கத்தில் செங்கம் வட்டாரத்தில் நடத்திய நடுகல் ஆய்வுகளால் இத்தகைய கற்கள் வெளியுலகுக்குத் தெரியவந்தன. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கே ஒரு கல் எடுத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், உயிரினங்களுக்கு நினைவுக்கல் நடுவது அன்றைய மக்களுக்கு அந்நியமான செயலாகத் தோன்றவில்லை என்று தெரிகிறது.

இன்னொரு கல்லின் கதை சோழநாட்டு வரலாற்றோடு பின்னிக்கிடக்கிறது. 949-இல் தக்கோலத்தில் நடந்த போரில் முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்குத் துணைநின்ற கங்க அரசன் இரண்டாம் பூதுகனால் கொல்லப்பட்டான். பழுவேட்டரையர்களின் பழுவூர் முதல் பிற்காலத்தில் கங்கைகொண்ட சோழபுரம் எழுந்த மண்வரை, இன்றைய அரியலூர் மாவட்டம் அந்தச் சோழ அரசின் நெஞ்சுப்பகுதி. அதே போரில் பூதுகனின் பக்கம் வீரம் காட்டிய மணலேரன் என்பவன், பரிசாக என்ன வேண்டும் என்று கேட்டபோது காளி என்ற வேட்டை நாயைத் தரும்படி வேண்டினான். அந்த நாய் பிறகு ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி, பன்றியும் நாயும் சேர்ந்தே மடிந்தன. கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்திலுள்ள ஆதகூரில் அதற்குக் கல் நட்டு, வழிபாட்டுக்கு நிலமும் விட்டார்கள். பன்றியும் நாயும் பொருதும் சிற்பத்தோடு கூடிய அந்தக் கல் இப்போது பெங்களூரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு பேரரசின் இளவரசன் வீழ்ந்த செய்தியையும் ஒரு நாய் வீழ்ந்த செய்தியையும் ஒரே கல் சுமக்கிறது.

சமயத்தில் நாயின் இடம் இரட்டையானது. சிவன் கோயில்களில் வைரவரின் ஊர்தி நாய். தேய்பிறை அட்டமியில் அவருக்குச் சிறப்பு வழிபாடு. ஊர் எல்லையில் ஐயனாரும் முனியும் கருப்பரும் இரவில் வலம் வரும்போது நாய் உடன் போவதாக நம்பிக்கை. அதனால் சுடுமண்ணிலும் சுதையிலும் செய்த நாய்கள் அந்தக் கோயில்களில் குதிரைகளுக்கு அருகில் நிற்கின்றன. கண்ணப்பரின் வேட்டையைப் பாடிய சேக்கிழார் நாய்களை விட்டுவிடவில்லை. மறுபுறம், ஆசாரம் பார்த்த வீடுகளில் நாய்க்கு வாசற்படிதான் எல்லை. மாணிக்கவாசகர் தம் தாழ்மையைச் சொல்ல நாயைத்தான் துணைக்கு அழைத்தார். இன்றைக்கும் வசைச்சொல்லில் நாய்க்கு இடமுண்டு. காவலுக்கு நம்பிய உயிரைத் தீட்டு என்று ஒதுக்கியது இந்தச் சமூகத்தின் முரண்களில் ஒன்று; நாய்க்கு மட்டும் நேர்ந்த கதியல்ல அது, காவலும் உழைப்பும் தந்த மனிதர்களுக்கும் நேர்ந்தது.

நாயக்கர் காலத்திலும் அதன் பிறகும் இந்தப் பகுதி அரியலூர், உடையார்பாளையம் பாளையக்காரர்களின் ஆளுகையில் இருந்தது. தென்னாட்டு வேட்டை நாய்களைப் பாளையக்காரரோடு இணைத்து ‘பாலிகர் ஹவுண்ட்’ என்றே ஆங்கிலேயர் எழுதினார்கள். பெயர்பெற்ற தமிழ் இனங்கள் எல்லாம் தெற்கத்தியவை: விருதுநகர்ப் பக்கத்து ராஜபாளையம், வறண்ட கரிசலில் முயல் துரத்திய சிப்பிப்பாறையும் கன்னியும், தேனி மாவட்டத்துக் கோம்பை. பெரம்பலூர்ப் பட்டிகளில் காவல் இருந்ததோ பெயரில்லாத நாட்டு நாய். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்து, அதன் திருத்தங்கள் முயல் வேட்டையையும் குற்றமாக்கிய பின், வேட்டை நாய்களின் தொழில் முடிந்தது. இனங்கள் தேய்ந்தன. நாட்டு நாய் இனங்களின் மீது மீண்டும் கவனம் திரும்பியதில் சூழலியலாளர் சு. தியடோர் பாஸ்கரனின் எழுத்துக்குப் பெரும் பங்குண்டு. 2005-இல் ராஜபாளையம் அஞ்சல்தலையில் ஏறியது.

இந்த உறவின் மேல் எப்போதும் ஒரு நிழல் படிந்திருந்தது: வெறிநாய்க்கடி. நோய் முற்றினால் பிழைப்பது ஏறத்தாழ இல்லை என்பதால், வளர்த்தவர்களே நாயை அடித்துக் கொல்லும் நிலை வந்தது. 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கிய பிறகுதான் தென்னிந்தியர்களுக்குப் பக்கத்தில் சிகிச்சை கிடைத்தது. ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து செய்த செம்பிள் தடுப்பூசியைத் தொப்புளைச் சுற்றி நாள்தோறும் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த வலியின் நினைவு கிராமங்களில் இன்னும் மறையவில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கைவிடப்பட்டு, செல் வளர்ப்பு முறைத் தடுப்பூசி வந்தது. இப்போது அரசு மருத்துவமனைகளில் கையிலேயே, நான்கு தவணைகளில் இலவசமாகப் போடுகிறார்கள். லூயி பாஸ்டர் மறைந்த நாளான செப்டம்பர் 28-இல் கால்நடை மருந்தகங்களில் நாய்களுக்குத் தடுப்பூசி முகாம் நடக்கிறது. கயிற்றில் கட்டிய நாட்டு நாயோடு வரும் சிறுவர்களை அங்கே நிறையப் பார்க்கலாம்.

இப்போது பட்டிகள் குறைந்துவிட்டன. அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் மேய்ச்சல் நிலத்தை எடுத்துக்கொண்டன. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகள் போன வீடுகளில் சுற்றுச்சுவர் எழும்பியிருக்கிறது. உள்ளே லேப்ரடாரோ பொமரேனியனோ முதியவர்களுக்குத் துணையாக இருக்கிறது. வேலையிழந்த நாட்டு நாய்கள் தெருவில் பெருகின. கோடையில் வெண்பாவூர்க் காப்புக்காட்டிலிருந்து தண்ணீர் தேடி ஊருக்குள் வரும் புள்ளிமான்கள் அவற்றிடம் கடிபட்டுச் சாகின்றன. தெருநாய்களைக் கொன்று தீர்ப்பதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விடும் முறையைச் சென்னையின் விலங்குநல அமைப்பான புளூ கிராஸ் 1960-களிலேயே முன்வைத்தது. சென்னை மாநகராட்சி 1996-இல் அதை ஏற்றது. 2001-இல் அது நாடு முழுமைக்குமான விதியாகி, 2023-இல் புதுப்பிக்கப்பட்டது. சிறிய நகராட்சிகளிலும் ஊராட்சிகளிலும் அதை நடத்திக்காட்ட அறுவை அரங்கும் மருத்துவரும் நாய் பிடிக்கப் பழகிய ஆட்களும் தேவை. பெரம்பலூர், அரியலூர் போன்ற ஊர்களில் நாய்க்கும் மனிதருக்கும் இடையிலான அடுத்த உடன்பாடு இந்த ஏற்பாடுகளைப் பொறுத்தே அமையும்.