பலதாரமணச் சமூகமும் மர்ம நாவலும்: குரல் பற்றிய ஒரு நோக்கு

1887ஆம் ஆண்டின் நத்தார்க் காலத்துக்கென இலண்டனில் வெளியான ‘பீற்றன்’ ஆண்டு மலரிலேயே ஷெர்லக் ஹோம்ஸ் முதன்முதலாக வாசகர் முன் தோன்றினார். ஆதர் கொனன் டொயில் ‘செந்நிறத்தில் ஓர் ஆய்வு’ என்னும் அந்நாவலின் முழு உரிமையையும் 25 பவுணுக்கு விற்றிருந்தார். இலண்டனில் ஆளில்லா வீடொன்றிற் கிடந்த பிணத்துடன் விரியும் கதை, இரண்டாம் பாகத்தில் திடீரென அமெரிக்காவின் யூற்றாப் பாலைநிலத்துக்குத் தாவுகின்றது. அங்கு குடியேறிய மோர்மன் சமயத்தவரின் பலதாரமண வழக்கமே கொலைகளின் மூலமாகக் காட்டப்படுகின்றது.

சமயத் தாபகர் ஜோசப் ஸ்மித் 1844இற் கும்பலொன்றாற் கொல்லப்பட்டபின், பிறிகம் யங்கின் தலைமையில் மோர்மன் மக்கள் 1847இல் உப்பேரிப் பள்ளத்தாக்கை அடைந்தனர். பலதாரமணம் தமது கோட்பாடென 1852இற் பகிரங்கமாக அறிவித்தனர். 1862 முதல் அமெரிக்க அரசு அதற்கெதிராகச் சட்டங்களை இயற்றியது. சமய நம்பிக்கை இக்குற்றத்துக்கு நியாயமாகாதென உயர்நீதிமன்றம் 1879இல் தீர்ப்பளித்தது. திருச்சபையின் சொத்துக்களைப் பறிமுதல் செய்ய வழிவகுத்த கடுஞ்சட்டம் நாவல் வெளியான அதே 1887இலேயே நிறைவேறிற்று. பத்திரிகைகள் ஊட்டிய அச்சத்தையே டொயில் கதையாக்கினார் எனலாம்; அப்போது அவர் யூற்றாவை நேரிற் கண்டவரல்லர்.

ஆயினும் அவ்வச்சத்தை அவர் கையாண்ட திறன் மறுக்கவியலாதது. ஜோன் பெரியரின் வளர்ப்பு மகள் லூசி, சபை மூத்தோரின் புதல்வர் இருவருள் ஒருவனை மணக்க வேண்டுமென ஆணை பிறக்கின்றது. ஒரு மாதத் தவணை. காலையிற் கண்விழிக்கும் பெரியர் தமது போர்வையிற் குத்தப்பட்ட சீட்டில் எஞ்சிய நாட்கள் 29 எனக் காண்கின்றார். மறுநாட் கூரையில் 28. இவ்வாறு எண்கள் நாளுக்கு நாள் குறைகின்றன. எழுதும் கையை எவரும் காண்பதில்லை. முடிவில் தந்தை கொல்லப்பட, லூசி வலிந்து மணமுடிக்கப்பட்டு ஒரு மாதத்துள் இறக்கின்றாள். மணவாழ்வு பற்றி அவள் வாயிலிருந்து ஒரு சொல்லேனும் வருவதில்லை. ஏனைய மனைவியரோ பெயருமற்ற நிழல்களே.

வரலாற்றில் அப்பெண்கள் வாய்பேசாதிருந்தவர்களல்லர். 1870 ஜனவரியில் உப்பேரி நகரிற் பெருந்திரளாகக் கூடிய மோர்மன் பெண்கள், பலதாரமணத்துக்கெதிரான சட்ட மசோதாவைக் கண்டித்து உரையாற்றினர். அடுத்த மாதமே யூற்றாப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். மறுபுறத்தில், பிறிகம் யங்கின் மனைவியருள் ஒருவரான ஆன் எலைசா 1873இல் விவாகரத்துக் கோரி வழக்குத் தொடுத்து, நாடெங்கும் அவ்வழக்கத்துக்கெதிராக மேடையேறினார். பெண்களை விடுவிப்பதாகக் கூறிய 1887ஆம் ஆண்டுச் சட்டமே அவர்களின் வாக்குரிமையையும் பறித்தது. விசித்திரமான விடுதலை!

இப்புனைகதை செவிக்குரியதாகும்போது இக்குறை மேலும் துலங்குகின்றது. விழிப்புலனற்றோருக்கு நூல்களைப் பேசவைக்கலாமென எடிசன் 1878இலேயே எழுதினார். பிரித்தானியாவில் 1935இல் இசைத்தட்டிற் பதிந்து வழங்கப்பட்ட முதற் பேசும் நூல்களுள் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவலொன்றும் இருந்தது. டொயிலின் நாவலில் முதற் பாகம் வொட்சன் தாமே கண்டதைக் கூறுவது. யூற்றா பற்றிய ஐந்து அதிகாரங்களைக் கூறுபவர் யாரென்பதே இல்லை. பின்னர் வொட்சன் மீள்கின்றார். அச்சில் வாசிப்பவர் இம்மாற்றத்தைத் தலைப்பிற் கண்டு நிதானிக்கலாம். ஒருவரே முழுநூலையும் வாசிக்கும் ஒலிநூலிலோ, நாம் நம்பிப் பழகிய வொட்சனின் குரலே யூற்றாவையும் விபரிக்கின்றது. செவிவழிச் செய்தி கண்கண்ட சாட்சியின் தகுதியைப் பெற்றுவிடுகின்றது.

டேவிட் எபர்ஷொவ் 2008இல் வெளியிட்ட ‘பத்தொன்பதாவது மனைவி’ இதற்கு மாறானது. திருச்சபை 1890இற் பலதாரமணத்தைக் கைவிட்ட பின்னரும் பிரிந்து சென்ற குழுக்கள் அதனைத் தொடர்ந்தன. அத்தகைய குழுவொன்றில் நிகழும் கொலை நாவலின் ஓரிழை. ஆன் எலைசாவின் கதை மற்றோரிழை. கொலைப்பழி சுமத்தப்பட்டவள் கொல்லப்பட்டவனின் பத்தொன்பதாவது மனைவி; உண்மையைத் தேடுபவனோ சமூகத்தினின்றும் துரத்தப்பட்ட அவள் மகன். இதன் ஒலிநூலைப் பல வாசிப்பாளர் பகிர்ந்து வாசித்துள்ளனர். எவர் எங்கு நின்று பேசுகின்றார் என்பதைக் கேட்போர் குரலாலேயே அறிவர். எனினும் அங்கு ஒலிக்கும் ஆன் எலைசாவின் சொற்கள் எபர்ஷொவ் புனைந்தவை. அவர் தாமே எழுதிய தன்வரலாறு 1870களின் நடுப்பகுதியிலேயே அச்சேறிவிட்டது.