காகிதப்பூவுக்குப் பின்னால் ஒரு பெண்

எங்கள் தெருக்கோடி வீட்டு மதில்மேல் ஒரு செடி படர்ந்திருக்கிறது. வெயில் காலம் வந்தால் இலையே தெரியாமல் ராணி கலரில் பூத்துத் தள்ளும். போன வாரம் விடுமுறைக்கு வந்த அத்தை பையன், "அது என்ன பூ?" என்று கேட்டான். "காகிதப்பூடா, வாசனையும் கிடையாது, சாமிக்கும் போடறதில்ல" என்று பாட்டி முடித்துவிட்டார். எனக்கு அதோடு விட மனசில்லை. ஒரு கொத்தைப் பறித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நீங்களும் பறித்துப் பாருங்கள். நாம் பூ என்று நினைக்கும் அந்த மூன்று வண்ண இதழ்கள் பூவே இல்லை! அவை பூவடிச்செதில்கள், அதாவது நிறம் மாறிய இலைகள். உற்றுப் பார்த்தால் இலை நரம்புகள் தெரியும். நடுவில் வெள்ளையாக, சின்னக் குழாய் மாதிரி நிற்பதுதான் நிஜமான பூ. தண்டில் முள்ளும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது போகன்வில்லாதான். நம் அந்திமந்தாரையும் மூக்கிரட்டைக் கீரையும் இதற்குச் சொந்தக்காரர்கள், ஒரே தாவரக் குடும்பம்.

சரி, இந்தப் பெயர் எப்படி வந்தது?

பூகன்வில் என்பவர் பிரெஞ்சுக் கப்பல் தலைவர். 1766இல் உலகைச் சுற்றக் கிளம்பினார். அவரது பயணத்தில் எத்துவால் என்ற இரண்டாவது கப்பலில் கொம்மர்சோன் என்ற தாவரவியலாளர் போனார். 1767இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் இந்தச் செடியைச் சேகரித்து, தலைவரின் பெயரையே அதற்குச் சூட்டினார். 1789இல் ழுஸ்யூ என்பவர் அதை நூலில் வெளியிட்டார்.

கதை இங்கே முடியவில்லை. கொம்மர்சோனுடன் ஒரு உதவியாளர் இருந்தார். ஆண் உடை போட்ட அந்த உதவியாளர் உண்மையில் ஒரு பெண்! பெயர் ழான் பாரே. அன்றைய பிரெஞ்சுக் கடற்படைக் கப்பல்களில் பெண்களுக்கு அனுமதி கிடையாது. அதனால்தான் இந்த வேஷம். கொம்மர்சோனுக்கோ காலில் புண். மலையேறி, செடி பறித்து, மூட்டை சுமந்ததெல்லாம் பெரும்பாலும் பாரேதான். எனவே இந்தச் செடியை முதலில் பறித்த கை அவருடையதாக இருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். நேரடிச் சாட்சி இல்லை, ஆனால் நம்பக்கூடியதுதான்.

வேஷம் கலைந்த பிறகு மொரீஷியஸில் இருவரும் இறங்கிக்கொண்டார்கள். 1773இல் கொம்மர்சோன் அங்கேயே இறந்தார். பாரே பிறகு பிரான்ஸ் திரும்பினார். உலகைச் சுற்றி வந்ததாக அறியப்படும் முதல் பெண் அவர்தான். 1785இல் பிரெஞ்சு அரசு அவருக்கு ஆண்டுக்கு 200 லீவர் உதவித்தொகை கொடுத்தது. ஆனால் செடியில் பெயர்? கொம்மர்சோன் ஒரு செடிக்கு அவர் பெயரை வைத்தார். அந்தச் செடி வேறு பேரினத்தில் சேர்க்கப்பட்டதால் பெயர் நிலைக்கவில்லை. 2012இல்தான் தென்னமெரிக்காவின் ஒரு செடிக்கு சொலானம் பாரேட்டியே என்று பெயரிட்டார்கள். நம் கத்தரிக்காயின் உறவு அது. அவர் இறந்ததோ 1807இல். 205 வருஷம் தாமதம்!

தலைவர் பெயர் ஊர் ஊராக மதில்மேல் பூக்கிறது. சுமந்தவர் பெயர் புத்தகத்தில்கூடக் கஷ்டப்பட்டுத்தான் கிடைக்கிறது. ஒரு செடியை அடையாளம் கண்டுபிடிப்பது என்றால் அதன் பெயரைத் தெரிந்துகொண்டால் போதும் என்று இதுவரை நினைத்திருந்தேன். அந்தப் பெயரில் யார் விடுபட்டார்கள் என்றும் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

அத்தை பையனிடம் முழுக் கதையும் சொன்னேன். இப்போது அவன் அதை "பாரே பூ" என்றுதான் கூப்பிடுகிறான். பாட்டிக்கு மட்டும் இன்னும் காகிதப்பூதான்.