காயாத சில நிமிடங்கள்

போலராய்டு நிறுவனத்தின் எட்வின் லேண்ட் 1972-இல் எஸ்எக்ஸ்-70 கேமராவைக் கொண்டுவந்தபோது அவருடைய கணக்கு ஒன்றுதான்: பொத்தானை அமுக்கியதும் படம் எடுப்பவரின் வேலை முடிந்துவிட வேண்டும். அதற்கு முந்தைய போலராய்டுகளில் தாளை இழுக்கணும், நேரம் பார்த்துக் காத்திருக்கணும், உரிக்கணும், குப்பையை எங்கே போடுவதென்று தேடணும். இதில் அந்தத் தொல்லை எதுவும் இல்லை. படம் தானாக வெளியே வரும், கண்ணெதிரே துலங்கும்.

அந்த வெள்ளைச் சட்டகத்தின் அடிப்பகுதியில் ஒரு சின்ன ரசாயனப் பை இருக்கும். கேமராவின் உருளைகள் அதை நசுக்கி உள்ளே பரப்பும். சாயங்கள் மெல்ல மேலேறிப் படமாகும். மேலே பாலியஸ்டர் தாள், சுற்றிலும் ஒட்டு. நாம கை வைக்க இடமே இல்லாத மூடிய பெட்டி மாதிரி இருக்கு, இல்லையா?

லூகாஸ் சமாரஸ் அதில் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார். கிரேக்கத்தில் 1936-இல் பிறந்து, போருக்குப் பின் 1948-இல் அமெரிக்கா வந்த கலைஞர். 1969-லேயே நியூயார்க்கில் தன் குடியிருப்பில் தன்னைத்தானே போலராய்டில் எடுக்க ஆரம்பித்திருந்தார். இருட்டறை வேண்டாம், லேப் வேண்டாம். நிர்வாணமாக நின்றாலும் மூன்றாவது ஆள் பார்க்கப்போவதில்லை.

1973-இல் எஸ்எக்ஸ்-70 கைக்கு வந்தது. படம் வெளியே வந்த பிறகும் அந்தத் தாளுக்கு அடியில் சாயம் கொஞ்ச நேரம் ஈரமாகவே இருக்கும். அந்த நேரத்தில் மேலிருந்து அழுத்தினார், கீறினார், தள்ளினார். முகம் உருகியது, கை அலையானது, அடுக்களைச் சுவரும் உடம்பும் கலந்தன. 1976 வரை செய்த இந்த வரிசைக்கு 'ஃபோட்டோ-ட்ரான்ஸ்ஃபர்மேஷன்ஸ்' என்று பெயர்.

மென்பொருள் வேலையில் இருக்கும் எனக்கு இதில் பிடித்தது, அவர் கருவியை உடைக்கவில்லை என்பதுதான். லேண்ட் காத்திருப்பதற்காக விட்ட நேரத்தை வேலை செய்வதற்கு எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஆனா இதில் 'அன்டூ' கிடையாது. நெகட்டிவ் இல்லாததால் ஒவ்வொன்றும் ஒரே பிரதி. ஒரு கீறல் தப்பினால் அந்தப் படம் போச்சு.

பின்னால் வந்த 600 வகை ஃபிலிமில் இந்த வித்தை அவ்வளவு எளிதாக நடக்காது. பழைய எஸ்எக்ஸ்-70 ஃபிலிமும் இப்போ தயாரிப்பில் இல்லை. சமாரஸ் 2024-இல் இறந்துபோனார். அந்த எட்டு சென்டிமீட்டர் சதுரங்களில் சில நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.