ஆண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கு

கனடாவில் வசிக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். அவரது நாய்க்கு விசர்நாய்க்கடித் தடுப்பூசி ஏற்றிய மிருக வைத்தியர், அடுத்த ஊசிக்கு மூன்று ஆண்டுகள் கழித்து வந்தால் போதும் என்று சொல்லிவிட்டாராம். வவுனியாவிலுள்ள அவரது தமையனோ ஆண்டுதோறும் நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு ஊசி போடும் இடத்துக்குப் போகிறார். நோய் ஒன்றாக இருக்கக் கணக்கு ஏன் இரண்டானது என்பது நண்பரின் கேள்வி. இதற்கு விடை வைத்தியத்தில் பாதியும் வரலாற்றில் பாதியுமாகக் கிடக்கிறது.

1885 யூலை 6 ஆம் திகதி யோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு ஊசி ஏற்ற லூயி பாஸ்டர் துணிந்தமைக்குக் காரணம், அதனை முன்னரே நாய்களில் பரிசோதித்திருந்தமைதான். ஆயினும் நாட்கணக்கில் தொடர்ந்து ஏற்றவேண்டிய அந்த முறை ஊர் நாய்களுக்குச் சரிவராது. ஒரே ஊசியால் நாயைக் காக்கும் வழியை யப்பானைச் சேர்ந்த உமேனோ, டொய் ஆகிய இருவர் 1921 இல் எழுதி வெளியிட்டனர். நாய்களுக்குப் பெருந்திரளாக ஊசி போடும் வழக்கம் யப்பானில் வேரூன்றியது இவ்வாறுதான்.

நம்மவர் கதை வேறு. இலங்கையில் விசர்நாய்க்கடிச் சட்டம் 1893 ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. எனினும் நெடுங்காலம் கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொல்வதே பிரதான வழியாக இருந்தது. கடிபட்ட மனிதருக்கோ, 1911 இல் இந்தியாவின் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய, ஆட்டு மூளையிலிருந்து எடுக்கும் மருந்து. தொப்புளைச் சுற்றிப் போடப்படும் அந்த ஊசிகளின் பயத்தில், நாய் கடித்ததை வீட்டில் மறைத்த பிள்ளைகள் எங்கள் தலைமுறையில் இருந்தனர். மறைத்தால் என்ன நேரும் என்பது அந்த வயதில் எங்களுக்குத் தெரியாது.

இனி இடைவெளிக்கு வருவோம். ஒரு ஊசி எத்தனை காலம் காக்கும் என்பதை அறிய ஒரே வழி, ஊசி போட்ட நாய்களை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து பின்னர் நோய்க்கிருமியை ஏற்றிப் பார்ப்பதுதான். செலவும் காலமும் பிடிக்கும் வேலை. விசர் நோயைப் பொறுத்தவரை அமெரிக்காவில் அது முன்னரே செய்யப்பட்டது. 1940களின் இறுதியில் கோழி முட்டைக் கருவில் வளர்த்து உருவாக்கப்பட்ட ஃபுளூரி என்ற தடுப்பு மருந்து மூன்று ஆண்டுகள் வரை காக்கும் என்று பரிசோதனைகள் காட்டின. டிஸ்டெம்பர், 1978 இல் தலைகாட்டிய பார்வோ போன்ற ஏனைய நோய்களுக்கான ஊசிகளில் அந்த அக்கறை காட்டப்படவில்லை. சில மாதங்கள் பார்த்துவிட்டு, ஆண்டுதோறும் போடுக என்று புட்டியில் அச்சிட்டார்கள். ஆக, அந்த ஓராண்டு அளந்து கண்ட எல்லையன்று.

இதைக் கேள்விக்குள்ளாக்கியவை பூனைகள் என்பது வேடிக்கை. ஊசி போட்ட இடத்தில் சில பூனைகளுக்குப் புற்றுநோய்க் கட்டி வருவதை 1991 இல் பென்சில்வேனிய ஆய்வாளர்கள் எழுதினர். தேவையற்ற ஊசி எதற்கு என்ற விவாதம் பிறந்தது. ஆண்டு ஊசிக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று ரொனால்ட் சுல்ட்ஸ் அடுத்த ஆண்டே வாதிட்டார். 2003 இல் அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கம், டிஸ்டெம்பர், பார்வோ போன்ற முக்கிய ஊசிகளுக்கு மூன்றாண்டு இடைவெளியைப் பரிந்துரைத்தது. குட்டிப் பருவ ஊசிகளும் ஓராண்டு கழித்து ஏற்றும் ஊசியும் முடிந்த நாய்களுக்கே இக்கணக்குப் பொருந்தும். எலிக்காய்ச்சல் ஊசி விதிவிலக்கு. அதன் காப்பு விரைவில் தேய்வதால் ஆண்டுதோறும் போடத்தான் வேண்டும்.

அப்படியானால் வவுனியாத் தமையன் வீணாகவா அலைகிறார்? இல்லை. 1973 இல் மட்டும் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடியால் இறந்தனர். அதன் பின்னர் ஒழுங்காக முன்னெடுக்கப்பட்ட நாய்த் தடுப்பூசித் திட்டத்தால் அந்தத் தொகை பல மடங்கு குறைந்தது. நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி ஏறியிருந்தால் நோய்ச் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆனால் எங்கள் தெரு நாய்களின் ஆயுள் குறுகியது. இந்த ஆண்டு ஊசி பெற்றவற்றில் ஒரு பகுதி அடுத்த ஆண்டு உயிரோடு இராது, அவற்றின் இடத்தில் ஊசி காணாத குட்டிகள் நிற்கும். மருந்து மூன்றாண்டு காத்தாலும் எழுபது நூற்றுவீதம் மூன்றாண்டு நிலைக்காது. ஆகவே கனடாவில் ஒரு நாயின் உடலைக் கொண்டு கணக்குப் போடுகிறார்கள். இங்கே ஊரைக் கொண்டு போடுகிறோம்.

1950 இல் சட்டம் இயற்றிய யப்பான் அப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி கேட்டது. 1957 உடன் அங்கே நாட்டுக்குள் பரவும் விசர் நோய் ஒழிந்தது. 1985 இல் இடைவெளியை ஓராண்டாக்கினார்கள்.

தமையன் வீட்டில் இப்போது ஒரு குட்டியும் நிற்கிறதாம். மூன்று மாதம் ஆகவில்லையென்று சென்றமுறை அதை வீட்டில் விட்டுப் போயிருக்கிறார். அது பழைய விதி. அந்த வயதுக் குட்டிகளுக்கும் ஊசி போடும்படி உலக சுகாதார நிறுவனம் 2018 இல் அறிவுறுத்திவிட்டது. அடுத்த தவணை வரை காத்திராமல் குட்டியை மிருக வைத்தியரிடம் கொண்டுபோகும்படி தமையனுக்குச் சொல்லச் சொன்னேன்.