நெறி கட்டினால் என்ன பெயர்?

எங்க ஆலங்குளம் பக்கம் கழுத்திலோ தொடை இடுக்கிலோ கட்டி வந்தால் ‘நெறி கட்டியிருக்கு’ என்பார்கள். காலில் புண் வந்தாலும் நெறி கட்டும், காசநோயிலும் கட்டும், லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோயிலும் கட்டும். தொட்டுப் பார்த்து மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. மருத்துவமே இந்தக் குழப்பத்தில் நெடுங்காலம் இருந்திருக்கிறது. லிம்போமாவிலேயே அரிதான ஒரு வகைக்குச் சரியான பெயர் கிடைக்க நூறு வருஷம் ஆனது.

1897இல் எடின்பரோ மருத்துவர் பீட்டர் மக்பிரைட், ஒரு நோயாளியின் மூக்கும் முகமும் வேகமாக அழிந்துபோனதைப் புகைப்படங்களோடு பதிவு செய்தார். பிறகு வந்தவர்கள் இதை ‘உயிர்கொல்லும் நடுமுகக் கட்டி’ என்ற பொருளில் அழைத்தார்கள். நோய் எங்கே வரும், என்ன செய்யும் என்பதை அந்தப் பெயர் சொன்னது; எந்த செல்லில் தொடங்குகிறது என்பதைச் சொல்லவில்லை. மைக்ரோஸ்கோப்பில் தெரிந்ததில் பெரும்பகுதி செத்த சதையும் அழற்சியும்தான். தொற்றா, புற்றா என்ற சண்டை பல பத்தாண்டுகள் ஓடியது.

சண்டையைத் தீர்த்தவை புதுக் கருவிகள். 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை ஆன்டிபாடியை வேண்டிய அளவு தயாரிக்க வழி கண்டார்கள். அதை வைத்து செல்லின் புரதங்களை ஒவ்வொன்றாக அடையாளம் காண முடிந்தது. இந்தக் கட்டிகளில் இருந்த சிடி56 புரதம், இயற்கைக் கொல்லி செல்லான என்கே செல்லைக் காட்டிக்கொடுத்தது. 1990இல் ஜப்பானில் ஹராபுச்சி குழுவினர் இவற்றில் எப்ஸ்டைன்-பார் வைரஸைக் கண்டார்கள். 2001இல் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் ‘என்கே/டி செல் லிம்போமா, நாசி வகை’ என்று இடம்பிடித்தது. தோலிலும் குடலிலும்கூட வருவதால், 2022 பதிப்பில் ‘நாசி வகை’ என்ற வால் போய்விட்டது.

நான் எழுதும் புரோகிராமில் ஒரு வேரியபிளின் பெயரை எல்லா இடத்திலும் மாற்றினால் அது முன்போலவே ஓடும். இங்கே பெயர் மாறினால் மருந்தே மாறிவிடும். மற்ற லிம்போமாக்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் சில மருந்துகளை இந்த செல் வெளியே தள்ளிவிடும். அஸ்பராஜினேஸ் கலந்த சிகிச்சையும், மூக்கோடு நின்றிருந்தால் கதிர்வீச்சும்தான் பலன் தருகின்றன.

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 2773 லிம்போமாக்களை ஆராய்ந்து 2000இல் வெளியிட்டார்கள். டி செல் வகைகள் சுமார் 16 சதவீதம்தான்; என்கே வகை அதைவிட மிக அரிது. அரிதான நோய் எளிதில் யார் நினைப்புக்கும் வராது. ஆறாத மூக்குப் புண்ணில் மேலாக எடுத்த துண்டு வெறும் செத்த சதையாகவே வரலாம். ஆழத்திலிருந்து மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலிருந்து வேலூருக்கோ சென்னைக்கோ போகிறவர்கள் ரிப்போர்ட்டோடு ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. நோயின் பெயர் அந்த மெழுகுக்குள்தான் இருக்கிறது.