ஜீவனாம்சம்

கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் காபிப்பொடியும் வாங்கும் தமிழர்கள் ‘ஜீவனாம்சம்’ என்பதை அங்குள்ள வங்காளிகள் ‘கோர்போஷ்’ என்பார்கள். அது பாரசீக வழி வந்தது: உணவும் உடையும். ஆங்கில ‘அலிமனி’யின் லத்தீன் வேருக்கும் ஊட்டி வளர்ப்பது என்றே பொருள். தமிழில் புழங்கும் வடசொல்லில்தான் ‘ஜீவன’த்தோடு ‘அம்சம்’, அதாவது பங்கு, சேர்ந்திருக்கிறது.

அந்தப் பங்கை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். அமெரிக்காவில் மணவாழ்வின்போது சேர்ந்த ஓய்வூதியச் சேமிப்பைப் பிரித்துத் தர நீதிமன்றம் ஆணையிடலாம். ஆனால் இந்தியாவில் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 25ஆம் பிரிவு பி.எஃப். பணத்தில் பாதி என்று எதுவும் சொல்லவில்லை. இருவரின் வருமானம், சொத்து, நடத்தை, சூழ்நிலையைப் பார்த்து நீதிமன்றமே தொகையை முடிவு செய்யும்.

கல்கத்தா உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கொன்றில், 2017இல் உச்ச நீதிமன்றம் கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமான அளவு என்றது. ஆனாலும் அவர் மறுமணம் செய்திருந்ததால், உயர் நீதிமன்றம் விதித்த மாதம் 23,000 ரூபாயை 20,000 ஆகக் குறைத்தது.

மணவாழ்வு எத்தனை ஆண்டு நீடித்தது என்பதும் கணக்கில் வரும் என்று 2020இல் அதே நீதிமன்றம் தெளிவாக்கியது. குறுகிய காலமே வாழ்ந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கணவனும் ஜீவனாம்சம் கேட்கலாம், 25ஆம் பிரிவு இருவருக்கும் பொது.