பூசா சவானி: மழைக்கால வெண்டியின் கதை

வெண்டிப் பாத்தியில் இலை நரம்பு மஞ்சளானால் விஷயம் முடிந்தது என்று நாம் எல்லோரும் அறிவோம். அது வெள்ளை ஈ பரப்பும் ஒரு வைரஸ். இந்தியாவில் பம்பாய்ப் பக்கம் 1924இலேயே இதைப் பதிவு செய்துவிட்டார்கள்.

வெண்டியில் பொதுவாக ஒவ்வோர் இலைக் கக்கத்திலும் ஒரு காய்தான். செடி வளர்ந்து புதுக் கணு விட்டால்தான் அடுத்த காய். இளசிலேயே நோய் பிடித்தால் செடி குன்றிவிடும், விளைச்சலும் போய்விடும்.

விளைச்சல் ஒரு பரம்பரையலகின் வேலையல்ல. காயின் எண்ணிக்கை, நிறை, செடியின் உயரம், முதற் பூ எத்தனையாவது கணுவில் வருகிறது என்று ஒவ்வொன்றுக்கும் பல பரம்பரையலகுகள் உண்டு. நோயைத் தாங்கும் குணமோ ஓரிரண்டில் தங்கியிருக்கலாம்.

1950களில் டில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவகத்தில் ஹர்பஜன் சிங்கும் குழுவினரும் அதைத்தான் தேடினார்கள். அவர்களிடம் இருந்த 'பூசா மக்மலி' நல்ல காய் தரும், ஆனால் நோய்க்கு நிற்காது. மேற்கு வங்காளத்தில் கிடைத்த ஐ.சி. 1542 நோயைத் தாங்கும். இரண்டையும் கலந்தார்கள். தாங்கும் குணத்தைத் தருபவை இரண்டு பின்னிடைவான பரம்பரையலகுகள் என்று 1962இல் எழுதினார்கள். அப்படியானால் முதற் தலைமுறையில் அந்தக் குணம் வெளியே தெரியாது. இரண்டாம் தலைமுறையில் கணக்குப்படி 16 கன்றுகளில் 1தான். உயர்தரப் பிள்ளைகள் 9:3:3:1 என்று பாடமாக்குகிறார்களே, அந்தக் கடைசி 1! அதைத் தேடி வயல் வயலாகக் கன்று பார்த்தவர்களின் பொறுமையை எந்தப் பாடநூலும் சொல்வதில்லை.

அப்படி வந்ததுதான் 'பூசா சவானி'. சாவன் வடஇந்தியாவின் மழை மாதம். இந்தியா முழுவதும் அது பரவியது. ஆனால் அது வைரஸை ஒழிக்கவில்லை, தாங்கிக்கொண்டது. காலப்போக்கில் அந்தத் தாங்கும் சக்தி தளர்ந்தது.

பிறகு மகாராஷ்டிரத்தின் பர்பானியில், மனிஹொட் என்ற உறவுச் செடியுடன் பூசா சவானியைக் கலந்தார்கள். அதில் எதிர்ப்பு ஒரேயோர் ஆட்சியான பரம்பரையலகில் இருந்தது. கலப்புக் கன்றில் விதை ஒழுங்காகப் பிடிக்காததால் மறுபடி மறுபடி பூசா சவானியுடனேயே கலக்க வேண்டியிருந்தது. 1985இல் 'பர்பானி கிராந்தி' வெளிவந்தது. பின்னர் அதுவும் பல இடங்களில் தளர்ந்தது.

இதே நோய் எமது நாட்டிலும் உண்டு. எம்.ஐ. 5, எம்.ஐ. 7, ஹரித என்று விவசாயத் திணைக்களத்தின் இனங்கள் இருக்கின்றன. நாமோ கடையில் "கூடக் காய்க்குமா?" என்று மட்டும் கேட்கிறோம். விதைக்கும் கடைசியில் மிஞ்சி முற்றிய காயைத்தான் விடுகிறோம். நோய்க்கு நடுவே பச்சையாக நின்ற கன்றுக்கு ஒரு துணித்துண்டு கட்டி, அதன் நல்ல காய்கள் சிலவற்றைப் பிடுங்காமல் விட்டுப் பாருங்கள். கலப்பின விதை வாங்கியவர்களுக்கு இது சரிவராது, அடுத்த போகத்தில் கன்றுகள் பலவிதமாக வரும்.

யார் வீட்டிலாவது பழைய நாட்டு வெண்டி விதை இருந்தால் கீழே எழுதுங்கள். பாடசாலைத் தோட்டத்தில் ஒரு பாத்தி சும்மா கிடக்கிறது.